கேட்டுக்காசு

அன்றைக்குத் தண்டவாளத்தைக் கடக்க வந்தவர்கள் பதினோரு பேர். என் அப்பா. செல்லத்தாய் அத்தையின் ஒரே மகன் இசக்கி. ஸ்டேஷன் வாசலில் டீக்கடை போட்டிருக்கும் ஞானராஜ் அண்ணாச்சி. கேட்கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற சுடலைமுத்து மாமா. எங்கள் தெரு இளவட்டங்கள் ஆறு பேர். பிறகு நான்.

வராதவர்கள் என்று பார்த்தால், வார்டு உறுப்பினர் வரவில்லை. சுரங்கப்பாதைக்கு ரிப்பன் வெட்டியவர் வரவில்லை. அன்று அவருக்குப் பின்னால் கத்தரிக்கோல் தட்டைப் பிடித்துக்கொண்டு முண்டியடித்தவர்களில் ஒருவரும் வரவில்லை. ரயில் பயணிகள் நலச் சங்கத்தின் செயலாளர் சார், தன் வீட்டு மொட்டைமாடியில் குடை பிடித்து நின்று எங்களைப் பார்த்தார். அவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. இப்போது தெரியும்.

அத்தை பாடையில் இருந்தாள்.

கார்த்திகை மழை. மூன்று நாளாக விடவில்லை. அத்தை முந்தைய நாள் காலையில் மூச்சை விட்டிருந்தாள். கரண்ட் இல்லை, அதனால் ஐஸ் பெட்டியும் இல்லை. வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். பெஞ்சைப் போட்டு அதன்மேல் கிடத்தியிருந்தோம். பெஞ்சின் காலைச் சுற்றித் தண்ணீர் அசைந்துகொண்டே இருந்தது. இரண்டாம் நாள் மத்தியானம் சாம்பிராணிப் புகையையும் மீறி வேறொரு வாடை வரத் தொடங்கியது. என் அம்மா எழுந்து வெளியே வந்து, மழைக்கு ஒதுங்கி நின்ற ஆண்களைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

“இன்னும் எவ்வளவு நேரம் அவள இப்பிடிப் போட்டு வைக்கப் போறிய?”

சுடுகாடு ஆற்றங்கரை மேட்டில் இருக்கிறது. நாங்கள் இருப்பது தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம். நடுவில் சுரங்கப்பாதை. சுரங்கப்பாதைக்குள் கூரை முட்டத் தண்ணீர். சுற்றிப் போகிற ரோட்டைக் கால்வாய் உடைத்துக்கொண்டு போய்விட்டது. ஸ்டேஷனில் நடைமேம்பாலம் கிடையாது.

தண்ணீரை இறைக்க மோட்டார் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அந்த மோட்டாரை ஓட்டுகிற ஸ்விட்ச் பெட்டியைச் சுரங்கப்பாதையின் உள்சுவரில் வைத்திருந்தார்கள். தண்ணீர் நிறைந்தால், முங்கு நீச்சலில் போய்த்தான் ஸ்விட்ச் போட வேண்டும். படித்த பொறியாளர்கள் வரைபடம் போட்டு, பெரிய அதிகாரிகள் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கட்டியது அது.

இந்த வாரப் பத்தியை நிதானமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். வரவில்லை.

எஞ்சின் தண்ணீர் குடித்த ஊர்

சிவந்திமங்கலம் உண்மையில் இரண்டு ஊர். ஆற்றை ஒட்டி இருப்பது பழைய ஊர். கோயில், தேரடி, நெல்வயல், படித்துறை எல்லாம் அங்கே. சேரன்மகாதேவிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் போகிற வழியில் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் கிடப்பது ரயிலடி. பழைய ஊரை ஆறு பெற்றது. எங்களை ரயில் பெற்றது.

லைன் போட மண் சுமக்க வந்தவர்கள், கரி தள்ளியவர்கள், மூட்டை தூக்கியவர்கள், அவர்களுக்குச் சோறு விற்றவர்கள். வேலை முடிந்ததும் திரும்பிப் போக வழி இல்லாமல் அங்கேயே ஒட்டிக்கொண்டவர்கள்தான் நாங்கள். என் அப்பாவின் தாத்தா வானம் பார்த்த பூமியிலிருந்து மண் சுமக்க வந்தார். அவருக்கு அடுத்த தலைமுறை கரி சுமந்தது, அதற்கடுத்தது நெல்மூட்டை சுமந்தது. எங்கள் வீட்டில் முதலில் புத்தகம் சுமந்தவன் நான்.

பழைய ஊர்க்காரர்கள் எங்களை ‘ரயிலடிக்காரனுவ’ என்பார்கள். அதில் ஓர் இளக்காரம் உண்டு. நாங்கள் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டோம். காரணம் தண்ணீர்.

நீராவி எஞ்சின் காலத்தில், செங்கோட்டை தாண்டி மலையேறிக் கொல்லம் போகிற வண்டிகள் எங்கள் ஸ்டேஷனில் தண்ணீர் பிடித்தன. தாமிரபரணித் தண்ணீர். ஒரு இரும்புத் தூணிலிருந்து யானைத் தும்பிக்கை மாதிரிக் குழாய் திரும்பி எஞ்சினுக்குள் இறங்கும். எங்கள் தண்ணீரைக் குடிக்காமல் ஒரு எஞ்சினும் மலை ஏறாது என்று எங்கள் ஆட்கள் சொல்லிச் சொல்லியே வளர்ந்தார்கள். ஆறு பழைய ஊருடையதாக இருக்கலாம், ஆனால் தண்ணீர் கேட்டு எஞ்சின் வந்து நிற்பது எங்கள் வாசலில் அல்லவா.

அந்தப் பெருமை ரத்தத்தில் கலந்துவிட்டது. பெண் பார்க்கப் போனால் நிலம், நகை எல்லாம் விசாரிப்பதற்கு முன்னால், “ஒங்க ஊர்ல எத்தன வண்டி நிக்கி?” என்று கேட்கிற ஊர் இது. மெதுவாக நடப்பவனுக்குப் பாசஞ்சர் என்று பெயர். வழியில் சொந்தக்காரனைப் பார்த்தும் பேசாமல் போகிறவனுக்கு எங்கள் ஊரில் ஒரே வசவுதான்: நிக்காத வண்டி. அதற்கு மேல் ஒருவனைத் திட்ட வார்த்தை கிடையாது.

இந்தப் பெருமையைக் காட்டி எங்களை யார் வேண்டுமானாலும் ஏமாற்றலாம். ஏமாற்றினார்கள்.

ஆள் போகுது

இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு லெவல் கிராசிங் கேட் இருந்தது. பள்ளிக்கூடம், ரேஷன் கடை, வயல்வேலை, கோயில் கொடை, எல்லாவற்றுக்கும் அந்தக் கேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். கடைசியாக ஒரு தடவை தாண்டுவதும் அதன் வழியாகத்தான்.

பாடை வந்தால் கேட்டை மூடுவதில்லை. இது எந்த விதிப்புத்தகத்திலும் கிடையாது. தெருமுனையில் சங்குச் சத்தம் கேட்டதுமே சுடலைமுத்து மாமா ஸ்டேஷனுக்குப் போனைச் சுழற்றி, “ஆள் போகுது” என்று சொல்வார். அவ்வளவுதான். வண்டி கைகாட்டிக்கு வெளியே காத்து நிற்கும். எத்தனை பெரிய வண்டியானாலும், உள்ளே யார் உட்கார்ந்திருந்தாலும், செத்தவன் போன பிறகுதான் உயிரோடு இருப்பவன் போக முடியும்.

பாடை கேட்டைக் கடக்கும்போது கொள்ளிச்சட்டி பிடித்தவர் கேட் கம்பத்தின் அடியில் ஒரு நாணயம் வைப்பார். அதற்குப் பெயர் கேட்டுக்காசு. சாயங்காலம் அந்தக் காசோடு கொஞ்சம் தன் காசும் சேர்த்து மாமா ஞானராஜ் அண்ணாச்சி கடையில் இருப்பவர்களுக்கு டீ வாங்கிக் கொடுப்பார். இன்னார் வாங்கித் தந்த டீ என்று செத்தவர் பெயரைச் சொல்லிக் குடிப்போம்.

ஞானராஜ் அண்ணாச்சி வேதக்காரர். அவர்களுடைய கல்லறைத் தோட்டம் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமே இருக்கிறது. கேட்டைத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் அவருடைய அப்பா இறந்தபோது சவப்பெட்டியைக் கேட் வரைக்கும் தூக்கிக்கொண்டு போய், ஒரு நாணயத்தை வைத்துவிட்டு, திரும்பிக் கல்லறைக்குக் கொண்டு போனார்கள். ஃபாதரா பாஸ்டரா யாரோ ஒருவர் இதென்ன புதுப் பழக்கம் என்று முகம் சுளித்தாராம். அப்பாவும் ரயிலடிக்காரர்தானே ஐயா என்று அண்ணாச்சி சொன்னாராம்.

இந்தக் காசு எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு கேட்கீப்பர், மழையில் பிணத்தோடு காத்து நின்றவர்களைப் பார்க்கப் பொறுக்காமல், உத்தரவு இல்லாமல் கேட்டைத் திறந்துவிட்டார். வண்டி தாமதமானது. அவருக்கு அபராதம் போட்டார்கள். அந்த அபராதத்தை ரயிலடி முழுவதும் ஆளுக்கொரு காசு போட்டுக் கட்டியது. அன்றிலிருந்து ஒவ்வொரு பிணமும் கேட்டுக்கு ஒரு காசு கொடுத்துவிட்டுப் போகிறது. நடந்ததா இல்லையா எனக்குத் தெரியாது. ஆனால் மழை, பிணம், அபராதம் மூன்றும் அந்தக் கதையிலேயே இருந்தன என்பதை இப்போது யோசித்தால் உடம்பு எரிகிறது. நூறு வருஷத்தில் கேட் ஒன்றுதான் குறைந்திருக்கிறது.

அத்தையின் முந்தி

செல்லத்தாய் அத்தை அப்பாவுக்கு அக்கா. பிளாட்பாரத்தில் பனங்கிழங்கு, அவித்த கடலை, மாங்காய்க் கீற்று விற்றாள். மீட்டர்கேஜ் பாசஞ்சர் நிற்கிற நேரத்துக்குள் ஐந்து பெட்டிக்கு ஓடி, ஜன்னல் ஜன்னலாக நீட்டி, காசை வாங்கிக்கொண்டு, வண்டி நகரும்போது கடைசி ஜன்னலுக்கு மீதிச் சில்லறையை எறிந்துவிடுவாள். ஒரு தடவையும் அது ஜன்னல் கம்பியில் பட்டு வெளியே விழுந்து நான் பார்த்ததில்லை.

லைசன்ஸ் கிடையாது. அதனால் மாதத்துக்கு ஒருமுறையாவது ரயில்வே போலீஸ் பிடிக்கும். அபராதப் பணம் எப்போதும் முந்திச்சேலையில் முடிந்திருக்கும். அதை அவள் செலவாகப் பார்த்தாளே தவிர, தண்டனையாக ஒருநாளும் பார்க்கவில்லை. ஒருநாள் ஏட்டையா வந்து நின்றபோது முடிச்சை அவிழ்த்து ஒரு பெரிய நோட்டை நீட்டினாள்.

“நாளைக்கும் சேத்து எடுத்துக்கிடும் ஏட்டையா. எங்கிட்டச் சில்லற இல்ல.”

ஏட்டையா சிரித்துவிட்டார். பணத்தை வாங்காமல் இரண்டு பனங்கிழங்கை எடுத்துக்கொண்டு போனார். அத்தை அவர் முதுகுக்குப் பின்னால், அதற்கும் காசு உண்டு என்று சொன்னாள்.

பிறகு அகலப்பாதை போடுகிறோம் என்று மீட்டர்கேஜ் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். வருஷக்கணக்காக வண்டி இல்லை. பிளாட்பாரத்தில் ஆடு மேய்ந்தது. அத்தை பஸ் நிறுத்தத்தில் கூடையை வைத்து உட்கார்ந்து பார்த்தாள். பஸ்ஸில் வருகிறவனுக்குப் பசிக்காதா என்று கேட்டால், பஸ்காரன் எப்போது எடுப்பானோ என்று அவன் கண்டக்டர் வாயையே பார்த்துக்கொண்டு இருக்கிறான், கிழங்கையா பார்ப்பான் என்பாள். தன் புருஷன் செத்த வருஷம்கூட வீடு இப்படி வெறிச்சென்று இருந்ததில்லை என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

கடைசியில் அகலமான தண்டவாளம் வந்தது. அகலமான வண்டிகள் வந்தன. சென்னைக்குப் போகிற எக்ஸ்பிரஸ் எங்கள் ஸ்டேஷனைத் தூசியைக் கிளப்பிக்கொண்டு தாண்டிப் போனது. தண்ணீர் கேட்டு நின்ற ஊரில், ஊர்ப்பலகையைப் படிக்கக்கூட நேரம் கொடுக்காமல் போனது. முதல் நாள் அதைப் பார்க்கப் பிளாட்பாரத்தில் கூடியிருந்தவர்கள் தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

மண்டபத்தில் பேசி முடித்தது

கேட்டை எடுத்துவிட்டுச் சுரங்கப்பாதை கட்டப்போவதாக அதிகாரிகள் வந்து கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். கேட் ஆபத்தானது, சுரங்கப்பாதை என்றால் யாரும் காத்து நிற்க வேண்டாம், இருபத்துநான்கு மணி நேரமும் போகலாம் வரலாம் என்றார்கள். நல்ல தன்மையாகத்தான் பேசினார்கள். எங்கள் ஊரில் யாரும் எங்களிடம் அப்படித் தன்மையாகப் பேசியதில்லை. அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

சுடலைமுத்து மாமா மட்டும் எழுந்து, மழை பெய்தால் தண்ணீர் நிற்குமே என்று கேட்டார். நிற்காது, மோட்டார் வைக்கிறோம் என்றார் அதிகாரி. மாமா உட்கார்ந்தார். ஆறு பக்கத்தில் இருக்கிற ஊரில் குழி தோண்டினால் என்ன வரும் என்று கேட்க வேறு ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏனென்றால் அந்த நேரம் செயலாளர் சார் எழுந்துவிட்டார்.

செயலாளர் சார் ரயிலடியில் மாடி வீடு கட்டிய முதல் மனிதர். நன்றாகப் பேசுவார். ஊர் ஒரு எதிர்ப்பும் சொல்லாமல் கேட்டை விட்டுக்கொடுக்கும், அதற்குப் பதிலாக எக்ஸ்பிரஸ் இங்கே நிற்க வேண்டும் என்றார். மண்டபம் கைதட்டலில் அதிர்ந்தது. எல்லோரும் தட்டினோம். அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு மலிவாக ஒரு ஊர் படியும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து அத்தை எழுந்தாள். முந்தியை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“கேட்ட எடுத்துக்கிடுங்கய்யா. வண்டிய நிப்பாட்டுங்க.”

அதோடு முடிந்தது. வேறு எந்த ஊரும் இப்படி ஒரு பேரம் பேசியிருக்காது. எங்கள் வழியை விற்று வண்டி வாங்கினோம்.

மீன்தொட்டி

எக்ஸ்பிரஸ் நின்ற முதல் நாள் எஞ்சினுக்கு மாலை போட்டோம். வாழைமரம் கட்டினோம். மேளம் வைத்தோம். டிரைவருக்கு அல்வா ஊட்டப் போனோம், அவர் கையால் வாங்கிக்கொண்டார். செயலாளர் சார் சால்வையோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள். நிறுத்தம் ஒரு நிமிஷம்தான்.

அத்தை கூடையோடு நின்ற இடத்தில் வந்து நின்றது ஏசி பெட்டி. சாதாரணப் பெட்டிகள் பிளாட்பாரத்தைத் தாண்டிப் புல்லுக்குள் நின்றன. கண்ணாடியைத் தட்டினாள். உள்ளே ஒரு குடும்பம் இவளைப் பார்த்தது. ஒரு பெண் ஏதோ சொன்னாள். பிறகு திரையை இழுத்து விட்டாள். அத்தை அடுத்த கண்ணாடிக்கு ஓடினாள். அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

நிறைந்த கூடையோடு திரும்பி வந்தவள் என்னிடம், “உள்ள மீன்தொட்டி மாதிரி இருக்குலே. வாய் அசையுது, சத்தம் வரல” என்றாள்.

அப்படியும் அவள் விடவில்லை. நிறுத்தத்துக்கு வருமானம் காட்ட வேண்டும் என்று சங்கத்தில் சொன்னார்கள். நாங்கள் முறை வைத்து அம்பாசமுத்திரத்துக்கும் திருநெல்வேலிக்கும் டிக்கெட் எடுத்தோம். பயணம் போகவில்லை. டிக்கெட்டை எடுத்து, வண்டி வந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, கிழித்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம். கிழங்கு விற்காத அத்தையும் முன்பு சேர்த்த கிழங்குக் காசில் டிக்கெட் எடுத்தாள்.

ஒரு கோடைக்குப் பிறகு அந்த எக்ஸ்பிரஸ் மறுபடியும் நிற்காமல் போனது. சோதனை முறையில் கொடுத்த நிறுத்தம், வருமானம் போதவில்லை என்றார்கள். அப்படியானால் எங்கள் கேட்டைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டோம். கேட் சோதனை முறையில் எடுக்கப்படவில்லை, நிரந்தரமாக எடுக்கப்பட்டது என்று பதில் வந்தது. அதற்குள் கேட்கீப்பர் அறையை இடித்து, பாதையை அடைத்து இரும்புக் கம்பங்களை நட்டிருந்தார்கள். எங்கள் ஊரை மறிக்க அவர்கள் நட்டது, எங்கள் பாட்டன்மார் சுமந்த பழைய மீட்டர்கேஜ் தண்டவாளத்தை வெட்டிய துண்டுகள்.

இல்லாத கேட்

இனி அந்த மத்தியானத்துக்கு வருகிறேன்.

அம்மா கேட்ட கேள்விக்குப் பிறகு ஆண்களில் யாரும் கூரைக்குக் கீழே நிற்க முடியவில்லை. தண்டவாளத்துக்கு மேலேயே தூக்கிக்கொண்டு போய்விடுவது என்று முடிவானது. முறையாகக் கேட்டுவிட்டுச் செய்வோம் என்று நான் ஸ்டேஷனுக்கு ஓடினேன். படித்தவனுக்கு இந்த வியாதி உண்டு.

ஸ்டேஷன் மாஸ்டர் மதுரைப் பக்கத்துக்காரர். நல்ல மனிதர். அத்தையை அவருக்குத் தெரியும். ஐந்து நிமிஷம் வண்டிகளை நிறுத்திவைக்க முடியுமா என்று கேட்டேன். அவர் மேஜைமேல் இருந்த போனைப் பார்த்தார். பழைய கேட்டுக்குப் போகிற இணைப்பு அதில் இல்லை.

“கேட் இருந்தா திறந்துவிடச் சொல்லலாம் தம்பி. இல்லாத கேட்டை நான் எப்படித் திறக்க?”

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, மழையால் எல்லா வண்டியும் ஊர்ந்துதான் வருகிறது, எக்ஸ்பிரஸ் எப்போது வரும் என்று தனக்கே தெரியாது, பார்த்துப் போங்கள் என்றும் நான் சொல்லவில்லை, போகாதீர்கள் என்றும் சொல்லவில்லை என்றார். அவரால் முடிந்தது அதுதான்.

திரும்பி வந்தால் அப்பா என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனார்.

“நீ வராண்டாம்லே. கேஸு கீஸுன்னு ஆயிட்டா ஒனக்கு வேல கிடைக்காது. நாங்க நாலு பேரு போதும், பைய கொண்டு போயிருவோம்.”

அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா வாழ்க்கையில் சேர்த்த ஒரே சொத்து என் படிப்பு. அதை மழையில் நனைய விட அவருக்கு மனமில்லை. நான் போய்ப் பாடையின் இடது கம்பைப் பிடித்தேன். வேலை கிடைப்பதற்காக அத்தையைத் தூக்காமல் நிற்கச் சொல்கிற ஒரு படிப்பை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

தெருமுனையோடு பெண்கள் நின்றுவிட்டார்கள். இசக்கி கொள்ளிச்சட்டியை ஓட்டைக் குடையால் மூடிக்கொண்டு முன்னால் நடந்தான். ஞானராஜ் அண்ணாச்சி எதுவும் கேட்காமல் பாடைக்குத் தோள் கொடுத்தார். கேட் இருந்த இடம் வந்தது. இரும்புக் கம்பங்கள் மார்பளவுக்கு நின்றன. மூன்று பேர் ஏறி அந்தப் பக்கம் குதித்தார்கள். பாடையைத் தலைக்கு மேலே தூக்கிக் கை மாற்றினோம். மேலே இருந்த பூமாலை ஒரு கம்பத்தில் மாட்டி அறுந்தது. அத்தை தன் வாழ்நாளில் அந்த இடத்தை ஆயிரம் தடவை கூடையோடு கடந்திருப்பாள். ஒரு திருட்டுச் சாமானைப் போல வேலிக்கு மேலே அவளைக் கடத்திய அந்த நேரத்தை நான் மறக்க மாட்டேன். மன்னிக்கவும் மாட்டேன்.

ஜல்லியில் கால் வழுக்கியது. முதல் தண்டவாளத்தைத் தாண்டும்போதுதான் ஹாரன் கேட்டது.

மழைத்திரைக்குள் இரண்டு விளக்குகள் தெரிந்தன. வண்டி ஊர்ந்துதான் வந்தது. ஆனாலும் வண்டி வண்டிதான். பாடையைத் தூக்கிக்கொண்டு ஜல்லியில் ஓட முடியாது. அப்போது சுடலைமுத்து மாமா எங்களை விட்டு விலகி, தண்டவாளத்தின் நடுவில் வண்டியைப் பார்த்துப் போய் நின்றார். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார். கொடி இல்லாதபோது வண்டியை நிறுத்தக் கேட்கீப்பர் காட்டுகிற சைகை அது. வேட்டி உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது.

எக்ஸ்பிரஸ் நின்றது.

அதே எக்ஸ்பிரஸ். டிரைவர் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். பாடையைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். நாங்கள் நகர்ந்தோம். கண்ணாடிகளுக்குப் பின்னால் முகங்கள் ஒட்டிக்கொண்டு பார்த்தன. செல்போன்கள் உயர்ந்தன. இசக்கி சட்டியைப் பிடித்தபடி வண்டியைத் திரும்பிப் பார்த்தான். பிறகு பாடைப் பக்கம் குனிந்து, காதில் சொல்வது மாதிரிச் சொன்னான்.

“எம்மா, வண்டி நின்னுட்டு.”

நான் அப்போதுதான் அழுதேன். ஒரு நிமிஷத்துக்கு மேலேயே நின்றது. ஊரையே அடகு வைத்து நாங்கள் வாங்கியதைவிட அதிக நேரம்.

அந்தப் பக்கம் இறங்கியதும் இசக்கி சட்டைப்பையிலிருந்து கேட்டுக்காசை எடுத்தான். வைக்கக் கேட் கம்பம் இல்லை, வாங்க ஆள் இல்லை. சுடலைமுத்து மாமாவிடம் நீட்டினான். மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நான் இப்போது கேட்கீப்பர் இல்லை என்றார். இசக்கி காசைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டான். சாயங்காலம் ஆற்றங்கரை மேட்டில், ஈர விறகோடு நெடுநேரம் போராடி அத்தையை எரித்தோம்.

பதினோரு பெயர்

தண்ணீர் வடிந்தது. யாரோ ரயிலுக்குள்ளிருந்து எடுத்த வீடியோ ஊர் உலகமெல்லாம் சுற்றியது. இறந்தவரைக் கொண்டு போக வழியில்லையே என்று நிறையப் பேர் பரிதாபப்பட்டார்கள். அந்தப் பரிதாபம் மேலிடத்துக்கு எட்டியது. மேலிடத்திலிருந்து கேட் வரவில்லை. ஸ்விட்ச் பெட்டியை மேலே தூக்கி வைக்கவும் உத்தரவு வரவில்லை. அத்துமீறித் தண்டவாளத்தைக் கடந்தது, வண்டியைத் தாமதப்படுத்தியது என்று வழக்கு வந்தது.

வீடியோவில் இருந்தவர்கள் யார் யார் என்று கேட்டுப் போலீஸ் செயலாளர் சார் வீட்டுக்குப் போனது. ஊருக்குத் தெரிந்த மனிதர் அவர்தானே. அவர் போனை வாங்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றி, ஒவ்வொரு முகமாகப் பெயர் சொல்லியிருக்கிறார். என் முகம் வந்தபோது, படித்த பையன் சார், நல்ல பையன், ஒன்றும் செய்துவிடாதீர்கள் என்று சிபாரிசும் செய்திருக்கிறார். அதை அவரே என் அப்பாவிடம் வந்து சொன்னார். நன்றியை எதிர்பார்த்துத்தான் சொன்னார். அப்பா அவரை உட்காரச் சொல்லவில்லை. எங்கள் வீட்டு வாசலுக்கு வந்த ஒருவரை அப்பா நிற்கவைத்தே அனுப்பியது அது ஒரு தடவைதான்.

நீதிமன்றத்தில் எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு போகும், வாதாடினால் வருஷக்கணக்கில் அலைய வேண்டும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். தினக்கூலிக்காரனுக்கு வாய்தா என்பது வட்டி மாதிரி. ஒவ்வொருவராக ஆமாம் என்றோம். இசக்கி மட்டும் எந்தக் குற்றத்தை என்று கேட்டான். வக்கீல் அவன் முழங்கையைப் பிடித்தார். அவனும் ஆமாம் என்றான்.

என் முறை வந்தபோது நீதிபதி காகிதத்திலிருந்து நிமிர்ந்து, பட்டதாரியாயிற்றே, நீங்களே இப்படிச் செய்யலாமா என்று கேட்டார். சுரங்கப்பாதை, ஸ்விட்ச் பெட்டி, மண்டபம், சோதனை முறை என்று எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். பக்கத்தில் அப்பா நின்றார். அவருடைய உதடுகள், சும்மா இரு, சும்மா இரு என்று அசைந்துகொண்டிருந்தன. மழை ஐயா, என்று மட்டும் சொன்னேன். சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

ஆளுக்கு ஐந்நூறு. ஞானராஜ் அண்ணாச்சி கடைக் கல்லாவிலிருந்து கொண்டு வந்தது, அப்பா கைமாற்று வாங்கியது, அத்தையின் கடைசிச் சேலை முந்தியில் முடிந்திருந்தது, எல்லாம் சேர்த்து இசக்கி எழுத்தர் மேஜையில் வைத்தான். பிறகு சட்டைப்பைக்குள் கையை விட்டு, அன்றைக்குத் திரும்பக் கொண்டு வந்த ஒரு ரூபாய் நாணயத்தை நோட்டுகளின் மேல் வைத்தான்.

எழுத்தர் எண்ணிப் பார்த்துவிட்டு நாணயத்தைத் தள்ளினார். ஒரு ரூபாய் கூட இருக்கிறது என்றார்.

“இருக்கட்டும் சார். அது எங்கம்மாவுக்கு. அவளுந்தான தாண்டுனா.”

எழுத்தர் அவனைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். ரசீது எழுதிக் கொடுத்தார். நாணயத்தை அவரும் எடுக்கவில்லை, இசக்கியும் எடுக்கவில்லை. ரசீதில் ஐயாயிரத்து ஐந்நூறு என்று இருக்கிறது. எங்கள் கணக்கில் ஐயாயிரத்து ஐந்நூற்று ஒன்று.